தோற்றவர் பார்த்த உலகம்

மாம்பழக் கதையில் எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. நாரதர் கொண்டுவந்தது ஒரே ஒரு பழம். அதை வெட்டிப் பங்கிடக் கூடாது. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குத்தான் அது. முருகன் மயிலேறிப் பறந்தார். பிள்ளையார் அம்மையையும் அப்பனையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ‘நீங்கள்தானே உலகம்’ என்று கையை நீட்டினார். பழம் அவருக்குப் போயிற்று. வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்த தம்பி கோபித்துக்கொண்டு, கோவணத்தோடு பழனியில் வந்து நின்றார். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் ஔவையாராக வந்து சமாதானம் பேசுகிற காட்சி வரைக்கும் தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். கதை சொல்கிறவர்கள் எல்லாரும் பிள்ளையாரின் சாமர்த்தியத்தை மெச்சிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஊரெல்லாம் சுற்றிவந்த பையனிடம், ‘வழியில் என்னப்பா பார்த்தாய்?’ என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. பாளையங்கோட்டையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. ஐம்பதை நெருங்குகிற வயது. சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் எக்ஸ்பல்ஸ் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன். தார் ரோட்டிலும் ஓடும், மணலிலும் கல்லிலும் ஏறி இறங்கும் வண்டி அது. முன்சக்கரம் மட்டும் 21 அங்குலம், பள்ளத்தில் விழுந்தாலும் உருண்டு வெளியே வருவதற்காக. நான் பைகளைக் கட்டும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று ஒரே வசனத்தைச் சொல்வாள்: “ஏட்டி, பிள்ளையார் மாதிரி வீட்டச் சுத்திக்கிட்டுக் கெடக்கப்படாதா? ஒனக்கு எதுக்கு இந்த மயில் வேல?”

கேலியாகச் சொன்னாலும் கேள்வி கேலியானதல்ல. கடவுள் எங்கும் இருக்கிறார் என்பதை நாம் ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் எங்கேயும் போவது எதற்கு? சித்தர்கள் இதைக் கேட்டுக் கோயிலுக்குப் போகிறவர்களைப் பரிகாசம் செய்தார்கள். ஆனால் போகர் என்ற சித்தர் செய்ததாகச் சொல்லும் சிலையைக் கும்பிடத்தான் லட்சக்கணக்கான பேர் பழனி மலை ஏறுகிறார்கள். இந்த முரண்பாட்டோடு நாம் சௌகரியமாகவே குடித்தனம் நடத்துகிறோம்.

இந்தப் பங்குனியில் கிளம்பியது தேரிக்காட்டுக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலைத் தேடிப் போய்விடுவார்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து, வழி கேட்டு, காட்டுக்குள் பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் சாஸ்தா தேரி ஓரத்தில் இருக்கிறார். அங்கே கும்பிட்டுவிட்டு, மலையேறி, கொடைக்கானல் வழியாகப் பழனிக்கு இறங்குவது என்று திட்டம். மணற்காட்டில் தொடங்கி மலைக்காட்டில் முடிகிற பாதை.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் போனால், கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே தரை ரத்தச் சிவப்பாக மாறிவிடும். மேடு மேடாக மணல். மணலின் ஒவ்வொரு துகள் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இந்த நிறம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் தென்மேற்குக் காற்று காலங்காலமாகக் குவித்தது. மரங்கள் பிடித்து நிறுத்தாத இடத்தில் இன்னும் நகர்த்திக்கொண்டிருக்கிறது. சிறுகற்கருவிகள் செய்த ஆதிமனிதர்கள் இந்த மேடுகளில் வாழ்ந்திருப்பதைத் தொல்லியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். பனை, உடை, கொல்லாமரம். நடுநடுவே வெறும் சிவப்பு. தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

காப்புக்காட்டுக்குள் வண்டியை விடக் கூடாது. ஊர்க்காரர்கள் போய்வரும் தடத்தில் போனாலே மணல் போதும் போதும் என்று சொல்ல வைத்துவிடும். டயரில் காற்றைப் பாதிக்கு இறக்க வேண்டும். அப்போதுதான் அது அகன்று மணல் மேல் நிற்கும். சீட்டில் உட்காராமல் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முன்சக்கரம் அதன் போக்கில் இடமும் வலமும் அலையும், அலையட்டும். பயம் வந்தால் கை தானாக ஆக்ஸிலேட்டரை விடும். விட்ட அந்தக் கணம் முன்சக்கரம் மணலில் புதையும். ஆகவே பயப்படுகிற இடத்தில்தான் இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுப் போய் யாரும் மணலில் ஓட்டிவிட முடியாது. இது கைக்கும் முழங்காலுக்கும் தெரிய வேண்டிய சங்கதி.

ஒரு மேடு ஏறி இறங்கியதும் பனங்கூட்டத்தின் கீழே ஒரு பெரியவர் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார். கிட்டே வந்து டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“தம்பி, காத்த எறக்கிட்டுத்தான் வந்திருக்கிய. சரி.”

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

“ஏ, பொம்பளப் பிள்ளையா! தனியாவா வாரே?”

“ஆமா அண்ணாச்சி.”

பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “நானும் தெனம் தனியாத்தான் ஏறி எறங்குதேன். ஒத்த மரத்துல ரெண்டு பேரு ஏற முடியுமா?” என்றார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் இவ்வளவு லேசாகப் பதில் சொல்லிக் கொடுத்ததில்லை.

மேலப்புதுக்குடிப் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருக்கிறது. சுற்றிலும் நெருப்பு நிறத்தில் மணல், நடுவில் நல்ல தண்ணீர். மேடுகள் குடித்த மழை ஊறி வருகிறது. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் கூட்டம் முண்டியடித்து அந்த இடத்து மண்ணை அள்ளி முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகும். இந்தப் பக்கத்துச் சாமிகள் எங்கும் நிறைந்தவர்கள் அல்லர். இந்த மேட்டில், இந்த மரத்தடியில் இருக்கிறவர்கள். வேறு ஊரில் குடியேறிக் கோயில் கட்ட வேண்டுமானாலும், மூலக் கோயிலுக்கு வந்து பிடிமண் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். செல்போனில் கும்பிட்டால் கணக்கில் சேராது. எல்லா இடத்திலும் இருக்கும் கடவுளைப் பற்றி நமக்குப் பெரிய பெரிய நூல்கள் உண்டு. ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் சாமியைப் பற்றி நூல் இல்லை, ஆனால் பஸ் பிடித்துப் போகிறோம். படித்தவர்கள் இரண்டாவதை மூடநம்பிக்கை என்றும் முதலாவதைத் தத்துவம் என்றும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினை எனக்கு ஒத்துவரவில்லை.

என் அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஆதீனம் ஒன்று நடத்திய சைவ சித்தாந்த வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்தார். கோடு போட்ட நீள நோட்டில் குறிப்பெழுதி, முக்கியமானதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். அவர் போன பிறகு அந்த நோட்டு எனக்கு வந்தது. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு: தனு, கரணம், புவனம், போகம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தை முடித்தார். அவர் வழிவந்த மரபு சொல்வதைச் சுருக்கினால் இதுதான்: உயிரை ஆணவம் என்ற இருள் அநாதியாகவே மூடியிருக்கிறது. அது தானாக விலகாது. உயிர் மேல் இரக்கப்பட்டு இறைவன் மாயையிலிருந்து நான்கைச் செய்து கொடுக்கிறான். உடம்பு தனு, மனமும் புலன்களும் கரணம், இருந்து நடமாட உலகம், அதுதான் புவனம், அதில் படுகிற இன்பதுன்பம் போகம். இவற்றில் புழங்கிப் புழங்கித்தான் அந்த ஆணவ மலம் பக்குவப்படும். உலகம் தோற்றம், கனவு, கானல்நீர் என்று தள்ளிவிடுகிற வேதாந்தக் கட்சி வேறு, இது வேறு. இங்கே உலகம் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்து.

அழுக்கை நீக்க அழுக்கான மாயையையே கொடுப்பானேன் என்று யாராவது கேட்டால், அதற்கும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பதில் வைத்திருக்கிறார். துணி வெளுக்கிறவர் அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் அப்பித்தானே அழுக்கை எடுக்கிறார் என்கிறார். தேரி மண் அப்பிய என் ஜாக்கெட்டை அலசுகிற அம்மாவிடம் இந்த உவமையைச் சொல்லிப் பார்த்தேன். “உவர்மண்ணு வேற, இந்தச் சனியன் வேற. இது போகவே போகாது” என்றாள்.

சித்தாந்தக் கண்ணோடு மாம்பழக் கதையை மறுபடி பார்த்தால் வழக்கு வேறு மாதிரித் திரும்புகிறது. அம்மையப்பரே உலகம் என்று பிள்ளையார் சொன்னது உண்மை. சித்தாந்தியும் மறுக்க மாட்டான். ஆனால் அந்த உண்மை விடைத்தாளின் கடைசி வரி. கணக்கைப் போடாமல் கடைசி வரியை எழுதினாலும் மதிப்பெண் விழும். கணக்குத் தெரிந்ததாக ஆகாது. பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும், அவர் ஞானமுதல்வர். அவர் பெயரைச் சொல்லி நாற்காலியை விட்டு எழாத நமக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

பெரிய புராணத்தில் இரண்டு கட்சிக்கும் இடம் உண்டு. திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டி அதே நாளைக் குறித்தபோது, உன் விழாவைத் தள்ளிவை, எனக்கு அன்று பூசலார் கோயிலில் வேலை இருக்கிறது என்று சிவன் கனவில் சொல்லிவிட்டார். இது பிள்ளையார் கட்சிக்குப் பலமான சாட்சி. அதே நூலில் அப்பர் கயிலைக்குக் கிளம்புகிறார். நடந்து பாதம் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, புரண்டு உடம்பும் சிதைந்த பிறகுதான் ஒரு முனிவர் எதிரே வந்து, இந்தக் குளத்தில் மூழ்கு என்கிறார். எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சியும் அங்கேயே கிடைத்தது. ‘பார்த்தீர்களா, பக்கத்திலேயே இருந்திருக்கிறது’ என்று உபந்நியாசகர்கள் சொல்வார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறேன்: திருவையாற்றில் காட்டுவதாக இருந்தால் கிளம்பும்போதே காட்டியிருக்கலாமே? வடக்கே அந்த உடம்பு தேயும் வரைக்கும் ஏன் விட்டுவைத்தார்? தேய்ந்த உடம்போடு மூழ்கி எழுந்தவருக்குத்தான் திருவையாறு கயிலையாகத் தெரிந்தது. பூசலாரும் சும்மா இருந்துவிடவில்லை. நல்ல நாள் பார்த்து, கல் கல்லாக, நாள்கணக்கில் மனத்துக்குள் கட்டினார். குறுக்குவழி இரண்டு பேருக்குமே இல்லை.

பெண்கள் விஷயத்தில் மட்டும் நம் மரபு கொஞ்சம் கறாராக இருந்திருக்கிறது. அகப்பாட்டில் பாலை வழியைத் தாண்டிப் பொருள் தேடப் போகிறவன் தலைவன். தலைவி வீட்டிலிருந்து நாளை எண்ணுவாள். அவள் பாலையில் கால் வைப்பது உடன்போக்கில் மட்டும், அதுவும் அவன் பின்னால். காரைக்கால் அம்மையார் இளமையையும் அழகையும் உதறிப் பேயுருவம் வாங்கிக்கொண்டு தலையாலேயே நடந்து கயிலை போனார். ஊர் ஊராக நடந்த ஔவையோ, அதற்காகவே இளமையிலேயே கிழவி ஆக்கிவிடு என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியதாகக் கதை. சுற்றாமல் ஜெயித்த சாமியிடம் போய்ச் சுற்றுவதற்கு வரம் கேட்ட அந்தக் கிழவியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு அந்த வரமெல்லாம் தேவைப்படவில்லை. ஹெல்மெட் போட்டால் தம்பி, கழற்றினால்தான் கேள்வி.

மதுரை வரைக்கும் நாற்கரச் சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லாரிக்காரர்களைத் தவிர யாரும் அதில் வாழ்வதில்லை. தேரியை விட்டு வந்ததுமே டயருக்கு மறுபடி காற்றடித்திருந்தேன்; வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறினேன். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும்; அதைக் காட்ட வேண்டும். தண்ணீர்ப் பாட்டில் பிளாஸ்டிக் ஆகாது என்பதால் ஸ்டீல் பாட்டிலையும் காட்டினேன். வளைவுக்கு வளைவு குளிர் ஏறி, ஜாக்கெட்டின் காற்று வாங்கும் ஜிப்பை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால், பெருமாள் மலை தாண்டும்போது தேரி வேறு நாட்டில் இருப்பதாகத் தோன்றும். பாதி நாள் ஓட்டம்தான்.

கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இங்கே பிள்ளையார் கட்சிக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது: சூரிய வானாய்வகம். நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் உட்கார்ந்து, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைக்கிறார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டார். அது இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. பதினைந்து கோடி கிலோமீட்டரை ஓரடி நகராமல் பார்த்துவிட்டார்கள். ஆனால் ஒன்று. அந்த ஆய்வகம் 1899இல் சென்னையிலிருந்து இங்கே மலையேறி வந்தது, தெளிந்த வானம் வேண்டும் என்று. உட்காருவதற்குச் சரியான இடத்துக்கு முதலில் போயாக வேண்டியிருந்தது.

போய்ப் பார்க்காமல் கொள்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மலைதான் சாட்சி. பழனி மலைத்தொடரின் உச்சி, இயல்பில் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. புல் மழையைப் பிடித்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும், சோலையும் அப்படியே. வெள்ளைக்காரன் அதைப் பார்த்து வெட்டவெளி, வீண்நிலம் என்றான். நாமும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மரம் நல்லது, ஆகவே மரம் நடு. பைனும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலிய வாட்டிலும் புல்மேல் ஏறின. 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. சுற்றுலாப் பயணிகள் பைன் காட்டில் நின்று இயற்கை அழகு என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மன்னவனூருக்குப் போனால் மிச்சமிருக்கும் புல்லைப் பார்க்கலாம். நான் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் புல்லில் மண்டியிட்டுப் பார்த்தேன். மேலே மஞ்சளாக உலர்ந்து தெரிகிற புல்லை விரலால் விலக்கினால் அடியில் ஈரம், கறுத்த மண், பொடிப் பொடியாகப் பெயர் தெரியாத செடிகள், அவற்றில் ஒன்றில் கடுகளவு ஊதாப் பூ. அந்த ஈரம் என் கையுறையில் ஒட்டியது. பங்குனி வெயிலில், மழை பெய்யாத வாரத்தில். ‘மரம்தான் காடு’ என்ற வாக்கியத்துக்குள் இதற்கு இடமில்லை.

குறிஞ்சியும் அப்படித்தான். 2018இல் பூத்தது; அடுத்தது 2030. இப்போது போனால் சரிவில் வெறும் புதர்தான். 12 வருஷம் தன்னைத் தானே பக்குவப்படுத்தி, ஒரே முறை பூத்து, விதை போட்டுவிட்டு அந்தச் செடி செத்துப்போகும். மலபரிபாகம், அதாவது மலம் பக்குவப்படுதல், என்று அப்பா சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்ததற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய உதாரணம் ஒன்று கேட்டால் இதைக் காட்டுவேன். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மேகம் விலகினால் கீழே பழனி தெரியும். 1936இல் இதைக் கட்டியவர், ஹாரிசன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணாகப் பிறந்து, சைவம் ஏற்று, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி ஆனவர். கிழவியாகும் வரமோ பேயுருவமோ வாங்காமல் கடல் தாண்டி வந்து முருகனுக்குக் கோயில் கட்டிய அந்த அம்மாள், என் பட்டியலில் ஔவைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. போய்ப் பார்க்கிறேன் என்று ஆளாளுக்குக் கிளம்பினால் பார்ப்பதற்கு உலகம் மிஞ்சுமா? மே மாதத்தில் கொடைக்கானல் ஏரிச் சாலையில் நகராமல் நிற்கும் கார்களைப் பார்த்தவர்கள் இ-பாஸை வரவேற்பார்கள். மயில் புகை விடாது, தடமும் பதிக்காது. என் வண்டி இரண்டையும் செய்யும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் வந்துவிட்டால் தப்பியோடுவதற்காக வெள்ளைக்காரர்கள் பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்குச் செப்பனிட்ட பாதை, இப்போது சரணாலயத்துக்குள் மூடிக் கிடக்கிறது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பைக் வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்தப் பாதை மேல் ஒரு கண். எனக்கும் உண்டு. மூடியது சரி என்றே சொல்வேன். புவனம் உயிர் பக்குவப்படக் கொடுக்கப்பட்டது என்றால், அது காட்டெருமையின் உயிருக்கும் சேர்த்துத்தான். உலகம் மருந்து என்பவன் மருந்துக் கடையைச் சூறையாடக் கூடாது.

பழனி இறக்கம் வடகவுஞ்சி, சவரிக்காடு வழியாக. இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட்டு இறங்க வேண்டும். பாதிக்கு மேல் வெக்கை திரும்ப வந்துவிடும். அடிவாரத்தில் வரதமாநதி அணை, அப்புறம் பழனி. உத்திரக் கூட்டம் வடிந்துகொண்டிருந்தது. கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீரைத் தீர்த்தக்காவடியாகச் சுமந்து வந்த கொங்கு நாட்டுக் கூட்டங்கள் லாரியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் நடந்தே வருகிறார்கள், பல தலைமுறையாக. அவர்கள் முன்னால் பைக்கில் வந்த நான் யாத்திரை என்று வாய் திறக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும், மேலே போக 693 படியும் இருக்கிறது, யானைப்பாதையும் இருக்கிறது, விஞ்ச்சும் 2004 முதல் ரோப்காரும் இருக்கின்றன. மேலே நிற்கிறவர் யார் எதில் வந்தார் என்று வரிசை பிரிப்பதில்லை. முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு ரோப்கார் ஏறுவதே போகம்தான். நான் படியேறினேன், நாள்முழுக்க உட்கார்ந்து வந்த இடுப்புக்கு அது தேவையாயிருந்தது.

பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைப்பழம் வேண்டும். சம்பிரதாயமாக அது விருப்பாச்சிப் பழம், பின்னால் இருக்கும் இதே மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளில் விளைவது. பழம் கிடைக்காமல் வந்தவருக்கு மலை கொடுத்த பழம். இதை எந்தப் புராணமும் சொல்லவில்லை. நான் வரிசையில் நிற்கும்போது நினைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என் வாதம் முழுவதையும் அப்பாவின் நோட்டோடு எடுத்து வைத்தேன். அவள் நோட்டைத் திறக்கவில்லை. “புவனம்னா ரோடு மட்டுந்தானாட்டி? நாப்பது வருசம் ஒங்க அப்பாவுக்கும் ஒங்களுக்கும் ஆக்கிப் போட்ட அடுக்களை புவனம் இல்லியா? பிள்ளையாரும் சும்மா உக்காந்தா இருந்தாரு? எந்திரிச்சுச் சுத்தத்தான செஞ்சாரு?” என்றாள். எனக்குப் பதில் இல்லை. அவள் சொன்னதுதான் சித்தாந்தம். நாற்பது வருஷம் ஓர் அடுப்பைச் சுற்றியவளுக்கு அந்தப் பழம் உரியது. நான் கட்சி கட்டியது அவளுக்கு எதிராக அல்ல. எழுந்து ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று பேசுகிறவர்களுக்கு எதிராக. அந்தக் கூட்டத்தில் அம்மா என்றுமே இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புவனம் என்ற பாடம் வரும்போது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதை முடித்துவிடாதீர்கள். ஒரு வேன் பிடித்துத் தேரிக்கோ மன்னவனூருக்கோ கூட்டிக்கொண்டு போங்கள்; மணலில் செருப்பைக் கழற்றி நடக்கச் சொல்லுங்கள், புல்லை விலக்கி ஈரத்தைத் தொடச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வகுப்பை யாராவது ஒருவர் வீட்டு அடுக்களையில் வைத்து, அந்த வீட்டு அம்மாளைப் பேசச் சொல்லுங்கள். மலைக்குப் போவதாக இருந்தால் இ-பாஸ் முதலிலேயே எடுத்துவிடுங்கள், காப்புக்காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள்.